களையில் எழுந்த களிறுகள்

நிலத்திற்குப் பட்டா வைத்திருப்போரே அதற்கு உரியவர் என்று உலகம் கருதுகிறது. நிலத்தை நன்கு அறிந்தவர்க்கும் அதில் ஓர் உரிமை உண்டு. அவ்வுரிமையைக் கலையால் உணர்த்தியோர் சிலரை இங்குக் காண்போம்.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளின் பழங்குடியினர், கடலில் கைவிடப்பட்ட மீன்வலைகளைக் கொண்டு ஆமை, சுறா முதலிய உருவங்களைச் சமைக்கின்றனர். ஆமையைச் சிக்கவைத்துக் கொல்லும் வலையே அவர்கள் கையில் ஆமையாகிறது.

இதனை ஒத்த செயல் நம் நீலகிரியிலும் நிகழ்ந்துள்ளது. கூடலூர்ப் பகுதிக் காடுகளில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அஃது அமெரிக்க வெப்பமண்டலத்தில் தோன்றியது. ஆங்கிலேயர் தோட்டத்து அழகிற்காக இங்குக் கொணர்ந்தது. இன்று அது புல்லையும் இளமரங்களையும் வளரவொட்டாது மூடுகிறது. விலங்குகளின் மேய்ச்சல் குன்றுகிறது.

அச்செடியின் தண்டுகளைப் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய பழங்குடியினர் வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்துக் கட்டி, உண்மை யானையின் அளவிலேயே யானைகளைச் செய்தனர். ஒவ்வொன்றும் அவர்கள் காட்டில் வாழும் ஒரு யானையின் சாயலே. 2021இல் அவை இலண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நியூயார்க் முதலிய அமெரிக்க நகரங்களுக்குச் சென்றன.

நூறு யானைகள் செய்தால் காட்டுக் களை தீருமோ எனச் சிலர் வினவலாம். தீராதுதான். ஆயினும், களையெடுக்கும் உழைப்பிற்கு ஊதியம் கிடைத்தது. காட்டின் துன்பம் கடல் கடந்து தெரிந்தது.

‘குப்பையைக் கலையாக்கினர்’ என்று வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. முடையும் திறனை எவரும் பயிலலாம். யானை செவி விரிக்கும் நிலையையும், கன்று தாயை ஒட்டி ஒதுங்கும் முறையையும் தலைமுறைகளாக அதனோடு வாழ்ந்தோரே நன்கு அறிவர். ஆதலின், அவர்களைக் கூலியாட்கள் என்னாது கலைஞர் என மதித்தல் வேண்டும். காட்டைப் பேணும் முடிவுகளிலும் அவர்க்குப் பங்கு வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும், காட்டைக் காக்கும் உரிமை அங்கு வாழ்வோர்க்கு உண்டு என்றே கூறுகிறது.

நம் விழுப்புரம் மாவட்டத்து ஏரிகளிலும் சீமைக்கருவேலம் மண்டியதுண்டு. மேல்சித்தாமூரிலோ திண்டிவனத்திலோ பயிலும் மாணவர், தம் ஊர் ஏரியில் முன்னர் எவ்வகைப் புல்லும் மரமும் செழித்தன என்பதை ஆடுமாடு மேய்க்கும் முதியோரிடம் கேட்டறியட்டும். ஏடுகளில் காணாத பல செய்திகளை அவர்கள் கூறுவர்.