வயசு 65, பிபி 165... இது நார்மலா? எந்த வயதில் எவ்வளவு இருக்கணும்?

"100-ஓட உங்க வயசைக் கூட்டுங்க, அதுதான் உங்க நார்மல் பிரஷர்." இந்தக் கணக்கை உங்க ஊர் டீக்கடையில யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்ன கணக்குதான் இது. ஆனால், மருத்துவ உலகம் இதைக் கைவிட்டுப் பல வருஷம் ஆச்சு. இன்னும் இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? பார்க்கலாம்.

பெரம்பலூரில் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்திக் காடுகள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலைகள். 60 வயதைத் தாண்டியும் உடம்பை வளைத்து வேலை செய்கிறவர்கள் இங்கே நிறைய. "நல்லாத்தானே இருக்கேன், எனக்கென்ன பிரஷர்?" என்று அவர்கள் கேட்பதும் நியாயமாகத்தான் தெரியும். சிக்கலே அங்கேதான். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலைவலி, மயக்கம் வரட்டும்னு காத்திருந்தால், முதல் அறிகுறியே பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ இருக்கலாம்.

2020-ல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட ஸ்டெப்ஸ் ஆய்வு, பெரியவர்களில் சுமார் மூன்று பேரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னது. அதைவிட அதிர்ச்சி, அப்படி இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது.

அந்த இரண்டு எண்கள் என்ன?

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது ரத்தக்குழாயில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து ஓய்வாக இருக்கும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். இரண்டில் ஒன்று மட்டும் எல்லை தாண்டினாலும் அது உயர் ரத்த அழுத்தம்தான்.

எந்த வயதில் எவ்வளவு?

3 முதல் 12 வயது: எல்லாருக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மருத்துவர் அட்டவணை பார்த்துச் சொல்வார்.

13 முதல் 17 வயது: 120/80-க்குக் கீழே இருந்தால் நார்மல். 130/80 அல்லது அதற்கு மேல் தொடர்ந்தால் கவனிக்கணும்.

18 வயதுக்கு மேல்: 120/80-க்குக் கீழே இருப்பது நல்லது. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் ரத்த அழுத்தம். அமெரிக்க மருத்துவர்கள் 2017 முதல் 130/80-யையே எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

60 வயதுக்கு மேல்: நோய் இருக்கா இல்லையா என்று முடிவு செய்யும் எல்லை அதேதான். 25 வயதுக்காரருக்கு ஒன்று, 65 வயதுக்காரருக்கு இன்னொன்று என்று கிடையாது.

கர்ப்பிணிகள்: 140/90 வந்தாலே உடனே மருத்துவரைப் பார்க்கணும். தாய், குழந்தை இருவருக்கும் ஆபத்து.

அப்போ வயசானால் ஏன் கூடுது?

வயதாக ஆக ரத்தக்குழாய்கள் விறைத்துப்போகும். அதனால் மேல் எண் ஏறும், கீழ் எண் அப்படியே இருக்கும், இல்லை இறங்கும். இது பலருக்கும் நடப்பதுதான். ஆனால், பலருக்கும் நடப்பதாலேயே அது ஆபத்து இல்லாததாகிவிடாது.

இதற்குச் சான்று இருக்கு. 80 வயதைக் கடந்தவர்களை வைத்து நடந்த ஹைவெட் ஆய்வு 2008-ல் வெளியானது. மேல் எண்ணை 150-க்குக் கொண்டுவர மாத்திரை சாப்பிட்டவர்களிடம், சாப்பிடாதவர்களைவிட இறப்பு 21 சதவீதம் குறைவாக இருந்தது. 80 வயதிலேயே மாத்திரை பலன் தருகிறது என்றால், 65 வயதில் "போதும், விடு" என்று சொல்ல முடியுமா?

அதே நேரம், மிகவும் தளர்ந்துபோன முதியவர்களுக்கு அழுத்தத்தை வேகமாகக் குறைத்தால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றிக் கீழே விழ வாய்ப்பு உண்டு. அதனால் எவ்வளவு குறைக்கலாம் என்பதை மருத்துவர் ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய்வார். வெயிலில் வேலை செய்யும்போது தலைசுற்றுகிறதா? மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க. மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார்.

அளக்கும்போது செய்யும் தவறுகள்

பேருந்தில் நின்றுகொண்டே வந்து, படியேறி, உடனே கையை நீட்டினால் எண் கூடுதலாகத்தான் காட்டும். சரியான முறை இதுதான்:

* அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, காபி, புகையிலை வேண்டாம்.
* சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட 5 நிமிடம் அமைதியா உட்காருங்க.
* சட்டைக் கைக்கு மேல் பட்டையைக் கட்டக் கூடாது. கை இதய மட்டத்தில் இருக்கணும்.
* அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறையும் பாருங்க.

வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பாருங்க.

உப்பு எவ்வளவு?

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

எங்கே பார்க்கலாம்?

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிபி பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். அடுத்த முறை அவர்கள் வரும்போது "நார்மலா?" என்று மட்டும் கேட்காதீங்க. இரண்டு எண்களையும் கேட்டு, தேதியோடு எழுதி வைங்க. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் பாருங்க.

முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் மரத்துப்போதல், பேச்சு குழறுதல், நெஞ்சு வலி... இதில் எது வந்தாலும் பிபி பார்த்துக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் உடனே 108-க்கு அழையுங்க.