தோட்ட நிலத்தில் தரவு மையம்: உள்ளே சுவர் எழுப்புவது யார்?

நாட்டில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது, 1917இல், கோலா சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில். இன்று அதே வட்டாரத்தின் விளிம்பில், சுங்கை பூலோ அருகே, தோட்டமாக இருந்த எல்மினாவில் கூகள் நிறுவனத்தின் தரவு மையம் எழுகிறது. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட அந்த முதலீடு 200 கோடி அமெரிக்க டாலர். ஏறக்குறைய 940 கோடி ரிங்கிட்.

தரவு மையம் என்றாலே தண்ணீர், மின்சாரம், நிலம் பற்றித்தான் பேச்சு. இன்னொரு கேள்வி விடுபட்டுப் போகிறது. அங்குள்ள கணினிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் வாடிக்கையாளர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்து வைப்பது எது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். லயத்தில் கூரை ஒன்று, வீடுகள் பல. தடுப்புச் சுவர் கூரை வரை எட்டாத லயங்களில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும். தரவு மையத்திலும் வங்கி, கிளினிக், கடை, டியூஷன் வகுப்பு என எல்லாருடைய பதிவுகளும் ஒரே கம்பியில் ஓடலாம். அங்கே தடுப்புச் சுவரை எழுப்புவது மென்பொருள்.

வி-லேன் என்ற பழைய முறையில் ஒரு வலையமைப்பை 4,094 பகுதிகளாகத்தான் பிரிக்க முடியும். பெரிய மையங்களுக்கு அது போதவில்லை. 2014இல் வெளியிடப்பட்ட விஎக்ஸ்-லேன் முறையில் சுமார் 1 கோடியே 67 லட்சம் பகுதிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு வாடிக்கையாளரின் தரவிலும் தனி எண் ஒட்டப்படும். எது எதனுடன் பேசலாம் என்பதைக் கட்டுப்பாட்டு மென்பொருள் தீர்மானிக்கும். கூகள் இதற்கு ஆண்ட்ரோமெடா என்ற சொந்த ஏற்பாட்டைப் பயன்படுத்துகிறது.

எண் ஒட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. நகல் சேமிப்பு, கண்காணிப்பு, நிர்வாகம் போன்றவை எல்லாருக்கும் பொதுவான வாசல்கள். ஓட்டை அங்கே விழலாம். 2021 ஆகஸ்டில் விஸ் நிறுவன ஆய்வாளர்கள், மைக்ரோசாஃப்ட் அஸூரின் காஸ்மோஸ் தரவுத்தளச் சேவையில், கூடுதல் வசதியாகச் சேர்க்கப்பட்ட ஒரு பகுதியின் வழியாக மற்ற வாடிக்கையாளர்களின் சாவிகளை எடுக்க முடியும் என்று காட்டினர். மைக்ரோசாஃப்ட் அதை விரைந்து அடைத்தது. வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதற்குச் சான்றில்லை என்றும் கூறியது.

ஆகவே பிரிவினையை முதல் வாடிக்கையாளர் வரும் முன்பே திட்டமிட வேண்டும். அனுமதி தராத எல்லாவற்றையும் மூடி வைப்பது, பொது வாசல்களைத் தனியாகக் காப்பது, ஒருவரின் பளு அடுத்தவரை முடக்காதபடி அளவு வைப்பது, சுவரை அடிக்கடி சோதிப்பது ஆகியவை அதன் அடிப்படை. குடியேறிய பின் சுவரை இடித்துக் கட்டுவது கடினம்.

சட்டமும் இறுகியிருக்கிறது. திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பிறருக்காகத் தரவைக் கையாளும் நிறுவனங்களும் 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புக்கு நேரடிப் பொறுப்பு. தரவுக் கசிவை அறிவிப்பது 2025 ஜூன் முதல் கட்டாயம். அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். ஆனால் மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அரசாங்க மருத்துவமனையையே நம்பியிருக்கும் தோட்டக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுவரின் ஒரு பாதி வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. மையம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், எல்லா ஊழியருக்கும் ஒரே கடவுச்சொல் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கமோ கிளினிக்கோ தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து வைக்கிறது. உறுப்பினர்கள் ஆண்டுக்கூட்டத்தில் இதைக் கேட்கலாம்.

வேலையிலும் இதே கணக்குத்தான். கட்டுமானம் முடிந்ததும் தரவு மையத்தில் மிஞ்சுவது சிறு குழு. அதில் காவலும் துப்புரவும் மட்டுமே நம்மவர்களுக்கு என்றாகிவிடக் கூடாது. பெஸ்தாரி ஜெயாவிலேயே யுனிசெல் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. எஸ்பிஎம் முடித்த பிள்ளையைக் கணினித் துறையில் சேர்க்கும் பெற்றோர், வலையமைப்பும் மேகக் கணினிப் பாதுகாப்பும் அந்தப் பாடத்திட்டத்தில் உண்டா என்று கேட்டுவிட்டுச் சேர்க்கட்டும்.