நாயின் குணத்தை இனப்பெயர் சொல்லாது

“ராட்வைலர், பிட்புல் மாதிரி இனங்களைத் தடை செய்துவிட்டால் நாய்ப் பயம் தீர்ந்துவிடும்” என்ற பேச்சு புதுச்சேரியிலும் உண்டு. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய செய்தியைப் படித்த யாருக்கும் கோபம் வரும். ஆனால் தடைப் பட்டியல் அதற்குத் தீர்வாகாது.

பட்டியல் போட்டும் பார்த்தாயிற்று. 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. அது நிலைத்திருந்தாலும், புதுச்சேரி நேரு வீதியில் ஜனங்கள் பயந்து ஒதுங்குகிற தெருநாய் அந்தப் பட்டியலில் இல்லை.

இனம்தான் குணம் என்பதும் சரியல்ல. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்தது. நாய்க்கு நாய் மாறும் நடத்தையில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிந்தது. பெரிய நாய் கடித்தால் காயம் பெரிது என்பது உண்மை. வாய்மூடியும் கயிறும் அதற்காகத்தான்; கடிக்குமா என்பது வேறு கேள்வி.

“குணத்தை எப்படி அளப்பது?” என்பார்கள். நம் ஊரை ஆண்ட பிரான்ஸ் அளக்கிறது. அங்கேயும் 1999 முதல் இனப் பட்டியல் இருக்கிறது. ஆனால் 2008 சட்டப்படி, எந்த இன நாய் மனிதரைக் கடித்தாலும் மேயர் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்; கால்நடை மருத்துவர் பரிசோதித்து, ஒன்று முதல் நான்கு வரை ஆபத்து நிலை குறிக்கிறார். குரைப்பை மட்டும் வைத்து நாயை எடைபோட முடியாது. உடம்பு விறைத்து, சத்தமே இல்லாமல் கண்ணை எடுக்காமல் பார்க்கிற நாய், துள்ளித் துள்ளிக் குரைக்கிற நாயைவிட ஆபத்தானதாக இருக்கலாம். எங்கே, யாரை, எதற்காகக் கடித்தது, வலியில் இருந்ததா, குட்டி போட்டிருந்ததா, நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்ததா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். ஒரே சோதனையில் பயந்து ஒடுங்கும் நாய் சாதுவாகத் தெரியும் என்பதால்தான் இந்த விசாரணை அவசியம்.

“தெருநாய்க்கு இதெல்லாம் எதற்கு?” தெருநாய்க்குத்தான் இது அதிகம் தேவை. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ஆக்ரோஷமான நாயை விடக்கூடாது என்றது உச்ச நீதிமன்றத்தின் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவு. எது ஆக்ரோஷம், யார் தீர்மானிப்பது என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில் குட்டியைக் காக்கக் குரைத்த தாய்நாய் கூண்டுக்குப் போகும். இரண்டு பேரைக் கடித்த நாய் தெருவிலேயே இருக்கும். குரும்பாப்பேட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடித்த நாயைப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தரும் பொறுப்பை அதன் மருத்துவர்களிடம் புதுச்சேரி அரசு ஒப்படைக்கட்டும்.