கட்டளை புரியவில்லை

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே துப்பாக்கி, கார், ரத்தம் என்று நினைப்பவர்கள் பலர். படமே இல்லாத ஒரு ரகமும் உண்டு. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதிரே என்ன இருக்கிறது என்று திரையில் நாலு வரி வரும். அடுத்து என்ன செய்வது என்று ஆடுபவர் டைப் அடிக்க வேண்டும். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்கிற மாதிரி. புரிந்தால் கதை நகரும். இல்லையென்றால் புரியவில்லை என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் கல் மாதிரி நிற்கும். என்ன புரியவில்லை என்று சொல்லாது.

இந்த ரகத்துக்குப் புதுத் தகப்பனைவிடப் பொருத்தமான கதாநாயகன் கிடையாது. இடம்: காஸியாபாத்தில் இரண்டு அறை ஃபிளாட். நேரம்: அதிகாலை 2.40. கைவசம் உள்ளவை: ஒரு துண்டு, ஒரு கிலுகிலுப்பை, ஒரு பொறியியல் பட்டம்.

'குழந்தையைத் தூக்கு.'

தூக்கிவிட்டீர்கள். அழுகை கூடுகிறது.

'தாலாட்டுப் பாடு.'

உங்களுக்குத் தெரிந்தது சினிமாப் பாட்டுதான். பக்கத்து ஃபிளாட்டில் விளக்கு எரிகிறது.

'துணியை மாற்று.'

மாற்றியாயிற்று. புதுத் துணியும் நனைந்துவிட்டது.

'பால் கொடு.'

அந்தப் பொருள் உங்களிடம் இல்லை.

'கிழக்கே போ.'

வாசற்படியில் மாமியார். "நீங்க போய்ப் படுங்க மாப்பிள்ளை, காலைல ஆபீஸ் இருக்கே" என்கிறார். ஆட்டம் முடிந்தது. மதிப்பெண் 350க்கு 4.

விளையாட்டின் சாமர்த்தியமான பொறி அந்தக் கடைசி வரிதான். அரக்கன் வாளோடு வந்தால் சண்டை போடலாம். அன்பாகப் படுக்கச் சொல்லும் மாமியாரை என்ன செய்வது? மாப்பிள்ளையும் போய்ப் படுத்துவிடுகிறார். மறுநாள் இரவும் அவருக்குத் தெரிந்தவை அதே நாலு கட்டளைகள். பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் தாய்க்கு ஒரு பாடம். பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று மூன்றாவது வாரத்தில் அவள் அநேகமாகச் சொல்லிவிடுகிறாள். அதைத் தாய்மையின் ரகசியம் என்று ஊர் கொண்டாடுகிறது. விழித்திருந்து கற்றது அது.

இந்த விளையாட்டு வகை பிறந்ததற்கே ஒரு தகப்பன்தான் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. வில் கிரௌதர், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸில் இருந்த புரோகிராமர். இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். மனைவியோடு கென்டக்கி மாநிலத்தின் மம்மத் குகைகளில் இறங்கி வரைபடம் தயாரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. 1970களின் நடுவில் விவாகரத்து. குகைக்குப் போவதும் நின்றது. இரண்டு பெண் குழந்தைகளிடமிருந்து தான் விலகிப் போய்விட்டதாகத் தோன்றியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் வரும்போது விளையாட, தனக்குத் தெரிந்த குகையையே ஃபோர்ட்ரானில் எழுதிவைத்தார். கம்ப்யூட்டரைக் கண்டு மிரளாமல் இருக்க, சாதாரண ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு சொற்களில் கட்டளையிடலாம் என்று ஏற்பாடு. 'அட்வென்ச்சர்' பிறந்த கதை இதுதான். 1977இல் ஸ்டான்ஃபோர்டின் டான் வுட்ஸ் அதை விரித்து எழுதினார். மொத்த மதிப்பெண் 350 என்பது அவருடைய கணக்கு. பிறகு பல்கலைக்கழக கம்ப்யூட்டர்களில் அதை ஆடி வேலையைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம்.

அதில் ஒரு கட்டம் உண்டு. குகைக்குள் ஒரு சின்னப் பறவை. ஆடுபவரிடம் கூண்டு இருக்கிறது, ஆனால் நெருங்கினாலே பறவை மிரள்கிறது. கூண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. வழியில் எடுத்து வைத்துக்கொண்ட கோல்தான் காரணம். அதைக் கீழே போட்டுவிட்டுப் போனால் பறவை பிடிபடும். பல மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகே அநேகம் பேருக்கு இது உறைத்தது. கையில் செல்ஃபோனோடு பிள்ளையைச் சமாதானம் செய்யும் தகப்பன்மார் இந்தக் கட்டத்தை ஒருமுறை ஆடிப் பார்க்கலாம்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஆட்டம் எழுதியாயிற்று. ஸ்டீவன் கிரானேடின் 'சைல்ட்ஸ் ப்ளே' 2006இல் வந்தது. அதில் ஆடுபவரே கைக்குழந்தை. இன்னொரு குழந்தையிடம் போய்விட்ட பொம்மையை மீட்க வேண்டும். பெரியவர்கள் புரியாமல் குறுக்கே வந்துகொண்டிருப்பார்கள்.

தமிழ்த் தகப்பனின் ஆட்டத்தில் இன்னொரு முடிச்சு. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மனைவியும் குழந்தையும் கும்பகோணத்தில், அவர் புணேயிலோ கொல்கத்தாவிலோ. மூன்று மாதம், ஐந்து மாதம்கூட ஆகும். முன்பு கடிதம், பிறகு எஸ்டிடி, இப்போது வீடியோ. எதிலும் குழந்தையைத் தூக்க முடியாது. திரும்பி வரும்போது குழந்தைக்குக் கழுத்து நின்றிருக்கும். புது ஆளைப் பார்த்து அலறும்.

லீவு போட்டுப் போகலாமே என்றால் அங்கே சட்டம் நிற்கிறது. ஐந்தாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, 1997இல், மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு வந்தது. உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பிரசவத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதி. தனியார் துறையில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் தாய்மாரின் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. நல்ல காரியம். தகப்பனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆறு மாதம் வீட்டில் இருக்க வேண்டியவள் யார் என்பதைச் சட்டமே முடிவுசெய்துவிட்டது. பெண்ணை வேலைக்கு எடுக்கும்போது முதலாளி போடும் கணக்கையும் அதுவே எழுதிக் கொடுத்தது. ஆண்களுக்கும் விடுப்பு கேட்டு அதே ஆண்டு ராஜீவ் சாதவ் எம்.பி. மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

பெரிய கம்பெனிகள் சில தாமாகவே கொடுக்கின்றன. சின்னக் கம்பெனியின் ஊழியர் பிரசவத்தன்று மூன்று நாள் சிக் லீவு கேட்டு வயிற்றுவலி என்று எழுதிக் கொடுக்கிறார். அந்தக் கட்டளை மட்டும் மானேஜருக்கு உடனே புரிகிறது.