போர்டு போகவில்லை, பேட்டரிதான் போயிருக்கிறது

காணையில் எனக்குத் தெரிந்த இரண்டு ஓய்வூதியர்கள் இந்த வருடம் நல்ல கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இருவர் வீட்டிலும் ஒரே கோளாறு. ஆன் செய்தால் தேதி பல வருடம் பின்னால் நிற்கும், "எஃப்1 அழுத்து" என்று திரை கேட்கும், பேங்க் வெப்சைட் திறக்காது. விழுப்புரத்தில் ஒரு கடையில் சொன்ன தீர்ப்பும் ஒன்றுதான்: "மதர்போர்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க."

இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மதர்போர்டில் சிஆர்2032 என்று ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பழைய போர்டுகளில் பயாஸ் செட்டிங்குகளைக் காப்பதும் அதுவே. 1984-ல் ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டரில் வந்த ஏற்பாடு இது. அதில் இருந்த நினைவகம் வெறும் 64 பைட். நம் வீட்டு முகவரிகூடத் தமிழில் முழுசாக அடங்காது. பேட்டரி தீர்ந்தால் தேதி தப்பாகும். தேதி தப்பானால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுக்கும். இதற்குப் போர்டு என்ன பாவம் செய்தது?

"பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும்" என்று பயமுறுத்துவார்கள். உங்கள் போட்டோவும் கடிதமும் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன; பேட்டரிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. போகக்கூடியது செட்டிங் மட்டுமே. அதில் முக்கியமானது ஹார்ட் டிஸ்க் முறை: ஐடிஇயா, ஏஹெச்சிஐயா? அது மாறினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடலாம். உடனே "விண்டோஸ் போச்சு, ஃபார்மட் பண்ணணும்" என்பார்கள். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் அழிவது அந்த ஃபார்மட்டில்தான்.

வழி எளிது. பேட்டரி முழுசாகத் தீருமுன், தேதி தவற ஆரம்பித்ததுமே, பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை மாற்றுங்கள். பிளஸ் பக்கம் முன்பு இருந்தபடியே இருக்கட்டும். படத்தைப் பார்த்து மாறியதைத் திருத்தி, தேதியும் நேரமும் வையுங்கள்.

கரண்ட் இருக்கும்போதே மாற்றினால் செட்டிங் தப்பும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பல போர்டுகளில் தப்பும், உண்மைதான். ஆனால் கை தவறி அந்த வட்டு போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும். நம் ஊர் கரண்டோ எந்த நிமிடம் போகும் என்று தெரியாது. கையில் படம் இருக்க, இந்த வித்தை எதற்கு?

புதுப் பேட்டரி போட்டும் தேதி நிற்கவில்லையென்றால் போர்டைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் கூடாது. இரண்டு பேர் டீ, வடை சாப்பிடும் காசில் முடிகிற வேலைக்குப் பென்ஷன் பணத்தில் முப்பதாயிரம் எடுத்து வைக்கச் சொல்வது நியாயமில்லை.

கழற்றிய பேட்டரியைப் பேரப்பிள்ளைகள் கையில் படாமல் வையுங்கள்; விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். அடுத்த முறை யாராவது "போர்டு போச்சு" என்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: "தம்பி, பேட்டரியை மாத்திப் பாத்தியா?"