விடுமுறைப் பயணமும் ஒளித்துவைத்த பெட்டிகளும்



கோடை விடுமுறை நெருங்கும்போது நம் வீடுகளில் எங்கே போவது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. ஊட்டியா, கொடைக்கானலா, சற்று வசதி இருந்தால் துபாயா, சிங்கப்பூரா? இடம் முடிவானதும் தங்குமிடம், அதற்கடுத்து ஹலால் உணவு. போய் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைவீதியில் ஒரு நாள், கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாள், மீதிப் பொழுதெல்லாம் அறைக்குள் ஆளுக்கொரு கைப்பேசி. சேர்ந்திருப்பதற்காகப் புறப்பட்ட குடும்பம், வீட்டில் இருந்ததைக் காட்டிலும் தனித்தனியாக இருந்துவிட்டுத் திரும்புகிறது.

சிங்கப்பூரில் வசிக்கும் மச்சான் வீட்டுக்கு எட்டு நாள் பயணமாகப் போனபோது நாங்கள் வேறு விதமாகத் திட்டமிட்டோம். ஜியோகேச்சிங் எனப்படும் தேடல் விளையாட்டை மையமாக வைத்து நாள்களை அமைத்தோம். நம் குடும்பங்களுக்கு இது பொருத்தமானது என்றே இப்போது கருதுகிறேன். ஆனால் என் வீட்டிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. அந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது.

விளையாட்டு எளிது. யாரோ ஒருவர் ஒரு சிறு பெட்டியைப் பொது இடமொன்றில் மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் கைப்பேசியின் உதவியுடன் அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டுக் காட்டோரம் வைத்துவிட்டு, அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். அந்த வாளியில் ஓர் அவரைக்காய் டின்னும் இருந்ததாம். இன்று உணவுப்பொருள் வைப்பதற்குத் தடை. விலங்குகள் மோப்பம் பிடித்துப் பெட்டியைக் குதறிவிடும் என்பது காரணம். உலகெங்கும் இப்போது முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் குறைவு, சிங்கப்பூரில் பூங்காக்களிலும் நடைபாதை ஓரங்களிலும் ஏராளம்.

முதலில் ஆட்சேபித்தவர் என் உம்மா. பேரனும் பேத்தியும் வரைபடத்தைக் காட்டி விளக்கியபோது, "கீழே கிடப்பதைத் தொடக் கூடாது என்று சொல்லித்தான் உங்கள் வாப்பாவை வளர்த்தேன், இப்போது தேடிப்போய் எடுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்கள். சிரித்துக் கடக்கக்கூடிய கேள்வியன்று. கண்டெடுத்த பொருள் குறித்து, அதாவது லுகத்தா குறித்து, நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. அதன் அடையாளங்களை நினைவில் வைத்து, ஓராண்டு அறிவிப்புச் செய்து, உரியவர் வந்தால் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பேணுதலோடு வளர்ந்தவர்களுக்கு மரப்பொந்துக்குள் கைவிட்டுப் பெட்டி எடுப்பது உறுத்தத்தானே செய்யும்?

நான் உம்மாவிடம் சொன்ன பதில் இதுதான். லுகத்தா என்பது உரியவர் தொலைத்தது. இங்கே எதுவும் தொலைந்துபோகவில்லை. உரியவரே நிபந்தனை சொல்லி அனுமதித்திருக்கிறார். உள்ளே உள்ள சிறு பொம்மையையோ மணியையோ எடுத்தால், அதற்கு ஈடானதை, முடிந்தால் அதைவிட மேலானதை வைக்க வேண்டும். எடுக்காமலும் இருக்கலாம். பணயம் இல்லை, வென்றவர் தோற்றவர் இல்லை. ஆகவே சூதாட்டத்தின் சாயலும் இல்லை. உம்மா முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. "ஈடானதை வைக்கிறார்களா என்று நான் பார்ப்பேன்" என்று மட்டும் சொன்னார்கள். எட்டு நாளும் பார்த்தார்கள். தன் பாசிமணி வளையலை வைத்துவிட்டு ஒரு நெகிழித் தவளையை எடுத்துக்கொண்ட என் எட்டு வயது மகளிடம், வளையல் நல்ல நிலையில் இருக்கிறதா, அறுந்துபோனதா என்று விசாரித்த பிறகே நடக்கவிட்டார்கள்.

திட்டமிடுதலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் தவறுவது அங்கேதான். நாளைத் தொழுகையிலிருந்து அமையுங்கள், பெட்டியிலிருந்து அல்ல. நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். எட்டு நாள் தங்கும் நிய்யத்தோடு சென்றதால் அங்கே எங்களுக்குக் கஸ்ரும் இல்லை, ஜம்உம் இல்லை. ஹனஃபி மத்ஹபினருக்குப் பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்கினால் கஸ்ர் உண்டு. ஆனால் ஜம்உ கிடையாது. ஆக, இரு சாராருமே ஒவ்வொரு வக்தையும் அதனதன் நேரத்தில் நிறைவேற்ற வேண்டியவர்களே. உங்கள் பயணத்துக்கான சட்டத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் சிங்கப்பூரில் வக்துகள் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. லுஹர் ஒரு மணியை ஒட்டியும் மஃரிப் ஏழு மணியை ஒட்டியும் வரும். லுஹர் எந்தப் பள்ளியில், அஸர் எந்தப் பள்ளியில் என்று முதலில் குறித்துக்கொண்டோம். பிறகுதான் அவற்றுக்கு நடந்து போகும் தொலைவில் என்னென்ன பெட்டிகள் உள்ளன என்று பார்த்தோம். காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. அதற்கு மேல் கூடாது என்பது கட்டுப்பாடு. எண்ணிக்கை ஏறினால் இதுவும் ஓட்டப்பந்தயமாகிவிடும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரையிலும், நிலத்தின் கடினத்துக்குத் தனியாக ஒன்று முதல் ஐந்து வரையிலும் நட்சத்திரங்கள் தரப்பட்டிருக்கும். நிலத்துக்கு ஒரு நட்சத்திரம் என்றால் சக்கர நாற்காலியில் செல்பவரும் அடையலாம் என்று பொருள். முழங்கால் வலியுள்ள உம்மாவுக்காக ஒன்றும் ஒன்றரையுமாகவே தேர்ந்தோம். வேகமாக நடக்கக்கூடியவருக்கு ஏற்பத் திட்டமிட்டு, முடியாதவரை அறையில் விட்டுச் செல்வதுதான் நம் வழக்கமாக இருக்கிறது. அந்த வழக்கத்தை மாற்றுவதற்கு இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. பயணத்தில் சமையலறை மட்டும் இடம் மாறி, வேலை மாறாமல் கிடக்கும் நம் பெண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். காலை உணவை வெளியே முடித்துக்கொள்வது என்று முதல் நாளே தீர்மானித்தோம். தேடலில் என் மனைவியே எங்கள் எல்லோரையும்விடக் கூர்மையானவர் என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு கவலையை மறைக்காமல் சொல்கிறேன். தாடியும் தொப்பியுமாக ஒருவர் ஓர் அறிவிப்புப் பலகையின் பின்னால் கைவிட்டுத் துழாவினால், பார்ப்பவர் மனத்தில் என்ன ஓடும்? மற்றவர்களுக்கு வேடிக்கையாகத் தெரிவது நமக்கு விளக்கம் சொல்ல வேண்டிய செயலாகிவிடக்கூடும். அது நியாயமன்று, ஆனால் இருக்கிறது. ஒரு பூங்காவில் நான் இருக்கையின் அடியில் தடவிக்கொண்டிருந்தபோது, நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு சீன மூதாட்டி நின்று, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு வியர்த்தது. மகன் கைப்பேசியை நீட்டி உள்ளதை உள்ளபடி விளக்கினான். அவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து தேடத் தொடங்கினார்! கிடைத்தது அவருக்கே. இப்படி எல்லா நேரமும் முடியும் என்று சொல்லமாட்டேன். குடும்பமாகச் செல்லுங்கள், கூட்டம் நிறைந்த நிலையங்களிலும் அரசுக் கட்டடங்களின் அருகிலும் தேடாதீர்கள், யாரேனும் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், மனம் ஒப்பாத இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். நம் நாட்டில் தேடுவோருக்குச் சாதாரணக் கைப்பேசியே போதும். செயற்கைக்கோள் வழியே பேசும், செய்தி அனுப்பும் கருவிகளை அனுமதியின்றி வைத்திருப்பது இங்கே சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து யாரேனும் அன்பளிப்பாகக் கொண்டுவந்தாலும் வேண்டாம்.

பெட்டி இல்லாத இடங்களுக்கும் இந்த முறை பொருந்தும். இவ்விளையாட்டிலேயே ஒரு வகை உண்டு. அதில் பெட்டி இருக்காது, குறித்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் மட்டுமே விடை தெரியும் கேள்விகள் இருக்கும். அதைப் பின்பற்றி தெலோக் ஆயர் வீதிக்கு நாங்களே கேள்விகள் தயாரித்தோம். எங்கள் சொந்த ஊர் நாகூர். அந்த வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா நிற்கிறது. இன்று அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். தர்காக்கள் குறித்து நம்மிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே இழுக்கவில்லை. நான் சொல்வது வரலாற்றை. பிள்ளைகளுக்குக் கொடுத்த கேள்வி: "கடலைக் கடந்து வந்தவர்கள் ஏன் கடலே இல்லாத தெருவில் கட்டினார்கள்?" அரை மணி நேரம் பலகைகளைப் படித்து மகன் விடையோடு வந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்ப்பதற்கு முன்பு அந்த வீதியே கடற்கரையாக இருந்திருக்கிறது. நம் ஊர்க் கப்பல்களில் வந்தவர்கள் இறங்கிய கரை அது. அதே வீதியில், 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் ‘குச்சுப் பள்ளி’ என்று தமிழர்கள் அழைத்த அல்அப்ரார் பள்ளியில் லுஹர் தொழுதோம். வேறெந்தச் சுற்றுலாவிலும் அந்தத் தெருவை ஐந்து நிமிடத்தில் கடந்திருப்போம்.

எண்களைக் கொண்டு இடத்தை அறியும் பழக்கம் நமக்குப் புதிதன்று என்பதையும் பிள்ளைகளுக்கு அங்கேதான் சொல்ல வாய்த்தது. கஸ்னா நகரின் கிப்லாவைச் சரியாகக் கணிக்க வேண்டும் என்ற தேவையோடு, ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் தீர்மானிப்பது பற்றியே அல்பீரூனி ஒரு நூல் எழுதினார். முடித்த ஆண்டு 1025. மலையுச்சியிலிருந்து தொடுவானத்தின் தாழ்வுக் கோணத்தை அளந்து பூமியின் அளவையே கணித்தவர் அவர். மவுண்ட் ஃபேபர் குன்றின் மேல் நின்று மகன் கிப்லாவைப் பார்த்தான்: 293 பாகை. நாகூரில் ஏறத்தாழ 291. இவ்வளவு கடல் கடந்து வந்தும் இரண்டே பாகைதானா என்று வியந்தான். பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. பார்ப்பது என்பதில் இப்படி அளந்து பார்ப்பதும் அடங்கும் என்பது என் எண்ணம்.

நான் தவறிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். ஆறாம் நாள், அந்தக் குன்றிலிருந்து தொடங்கும் மலைமுகட்டுப் பாதையில், சாலைக்கு 36 மீட்டர் மேலே அலைபோல் வளைந்து செல்லும் ஹெண்டர்சன் மரப்பாலத்தைத் தாண்டி ஒரு பெட்டியைத் தேடினோம். நாற்பது நிமிடம் ஆகியும் கிடைக்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அதுவரை பதினொன்று கண்டுபிடித்திருந்த மகனுக்கு அது பன்னிரண்டாவது. அவன் கண்கள் கலங்கிவிட்டன. இடம் இதுதான் என்பதில் ஐயமில்லை, பெட்டி இல்லாதது நம் குற்றமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, செயலியில் ‘கண்டேன்’ என்று அழுத்திவிட்டேன். பார்ப்பவர் யார்? காகிதத்தைப் பிரித்துச் சரிபார்ப்பவர் யார்?

பேருந்தில் மகள் கேட்டாள்: "வாப்பா, நாம் பெயர் எழுதவே இல்லையே?"

நான் மழுப்பினேன். உம்மா ஒன்றும் பேசவில்லை. தஸ்பீஹை உருட்டிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோன்பில் யாரும் பார்க்காத இடத்திலும் தண்ணீர் குடிக்காமல் இருக்க என் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். அடுத்த நிறுத்தம் வருமுன் கைப்பேசியை மகனிடம் கொடுத்து, அந்தப் பதிவை அழித்துவிட்டு, ‘தேடினோம், கிடைக்கவில்லை’ என்று எழுதச் சொன்னேன். சற்று நேரம் அவன் என்னோடு பேசவில்லை.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து, பெட்டியை வைத்தவரின் அறிவிப்பு வந்தது. ‘கிடைக்கவில்லை’ என்ற பதிவைக் கண்டு போய்ப் பார்த்ததாகவும், பெட்டி காணாமல் போயிருந்ததாகவும், புதியது வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். ‘கண்டேன்’ என்பது அப்படியே நின்றிருந்தால், அங்கே பெட்டி இருக்கிறது என்று நம்பி இன்னும் எத்தனை குடும்பங்கள் மழையில் தேடியிருக்குமோ. சென்ற மாதம் மச்சான் மகன் அங்கே போய் அதைக் கண்டெடுத்தான். எங்கள் பெயர்களையும் சேர்த்து எழுதட்டுமா என்று அழைத்துக் கேட்டான். வேண்டாம் என்று சொன்னது என் மகன். காகிதத்தில் தன் பெயரை மட்டும் எழுதி, அவன் படம் அனுப்பினான். கீழே நிறைய இடம் காலியாக இருந்தது. அடுத்த விடுமுறைக்கு எங்கே போவது என்று எங்கள் வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை.