சந்தா கட்டியவன் கேட்கிறான்!



கள்ளக்குறிச்சியிலே பேருந்து ஏறி, கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையை ஒட்டி, கல்வராயன் மலைப்பாதையில் செல்கிறீர்கள். வண்டி மேலேறத் தொடங்கியதும் பயணிகள் சொல்லிவைத்தாற்போலக் கைப்பேசியை வெளியில் எடுக்கிறார்கள். ஒருவர் புளி வியாபாரியிடம் விலை கேட்டுக்கொள்கிறார். ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கும் தாயாரைப் பற்றி விசாரிக்கிறார். இன்னொருவர் யாரிடமோ, "இனி நாளைக்குத்தான், மேலே போனால் எட்டாது" என்று சொல்லி முடிக்கிறார். வெள்ளிமலை போன்ற பெரிய ஊர்களிலே கோபுரம் நிற்கிறது, பேசலாம். அதைத் தாண்டி உள்ளே, காட்டு வழியில் நடந்து சேரவேண்டிய சிற்றூர்களுக்குப் போனால், பேசுவதற்கென்றே ஊருக்கு ஒரு பாறை இருக்கிறது. அந்தப் பாறை மீது ஏறினால் பேச்சு, இறங்கினால் மௌனம்!

அதே மலையிலே, கூரை வீட்டின் மேல் வட்டத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதையும் காணலாம். வானத்திலிருந்து படம் இறங்குகிறது, பாட்டு இறங்குகிறது, சோப்பு விளம்பரம் இறங்குகிறது, அமைச்சர் பெருமக்களின் சொற்பொழிவும் இறங்குகிறது. மலைமக்களின் குரல் மேலேறத்தான் வழியில்லை. கேட்டுக்கொண்டிரு, பார்த்துக்கொண்டிரு, பேசாதே என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அப்படி அமைந்துவிட்டது!

இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், சமவெளியிலே இருக்கிற நம் தோழர்கள் பலர், இணைய இணைப்பு, கேபிள், செட்டாப் பாக்ஸ் ஆகியவை பற்றிய குறைகளை அரசியலாகவே கருதுவதில்லை. "வீட்டுச் சங்கதி, வசதியுள்ளவன் சங்கதி" என்று தள்ளிவிடுகிறார்கள். வசதியுள்ளவன் சங்கதிதானா? கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார், மாதம் பிறந்தால் அரிசிக்கு ஒதுக்குவதுபோல இதற்கும் ஒரு தொகை ஒதுக்கவேண்டியிருக்கிறது. முன்பணம் கொடுத்தால்தான் இணைப்பு. பணம் போன பிறகு பொருள் வந்ததா? அங்கேதான் கதை தொடங்குகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மழைக்காலத்தில் என் வீட்டு இணைய இணைப்பு அறுந்தது. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எண் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு பெண் குரல் ஆணையிட்டது, பணிந்தேன். கால் மணி நேரம் இசை கேட்டேன். முடிவிலே அந்தக் குரல் சொல்லிற்று: "தங்கள் புகாரை எங்கள் இணையதளத்தில் பதிவு செய்யவும்." கிணற்றில் விழுந்தவனிடம், மேலே வந்து மனுக்கொடு, கயிறு தருகிறோம் என்பதல்லவா இது! ஆறாம் நாள் பணியாளர் ஒருவர் வந்தார். அவரை நான் நோகவில்லை. ஒரு வட்டாரம் முழுவதற்கும் அவர் ஒருவரே, மழையிலே, ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு!

பணம் வாங்கிக்கொண்டு பொருள் தராத இந்தக் கலைக்கு நம் நாட்டில் பெரிய முன்னோடிகள் உண்டு. வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற பெயர் உங்களிலே சிலருக்கேனும் நினைவிருக்கும். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆசியாஸ்டார் என்ற செயற்கைக்கோளை விண்ணுக்கு ஏவி, வானத்திலிருந்து நேரே வானொலி தருகிறோம் என்று வந்த வெளிநாட்டு நிறுவனம் அது. தனிக் கருவி வாங்கவேண்டும். சந்தா முன்கூட்டியே கட்டவேண்டும். ஏ.ஆர். ரகுமான் அவர்களைக் கொண்டே விளம்பரம் செய்தார்கள். தமிழுக்கென்று தனி நிலையம்கூட இருந்தது. நல்ல பாட்டுத்தான் போட்டார்கள், இல்லையென்று சொல்வதற்கில்லை. 2008 அக்டோபரில் அமெரிக்காவிலே திவால் மனு. 2009 டிசம்பர் 31ஆம் நாளோடு இந்தியாவில் ஒலிபரப்பு நின்றது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்களின் கையில் மிஞ்சியது ஊமைக் கருவி! கட்டிய பணத்தைக் கேட்கவேண்டுமானால் கடல் கடந்த திவால் நீதிமன்றத்தின் வரிசையில் போய் நிற்கவேண்டும். சின்னசேலத்துக்காரர் எப்படிப் போவார்? எத்தனை ரூபாய்க்காகப் போவார்?

கேபிள் கதை வேறு வகை. 2019 பிப்ரவரி 1 முதல், நீ விரும்பும் அலைவரிசைக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய முறை கொண்டுவந்தது. கேட்பதற்கு இனிக்கிறது அல்லவா? ஆனால் கடைக்குள் நுழையவே கட்டணம்: நூறு அலைவரிசைகளுக்கு 130 ரூபாய், நூற்றுக்குப் பதினெட்டு வரியும் சேர்த்து 153 ரூபாய் 40 காசு. விரும்பியதன் விலை அதற்கு மேலே! முன்பு கட்டியதைவிடக் கூடுதலாகக் கட்டிய வீடுகள் ஏராளம். பிறகு 2020இல் அதே 130 ரூபாய்க்கு இருநூறு அலைவரிசை என்று திருத்தினார்கள். 2024 ஜூலையில் அந்த நுழைவுக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். போட்டி வந்துவிட்டதாம், சந்தை பார்த்துக்கொள்ளுமாம்!

இங்கே நம் மாநில அரசின் கணக்கையும் ஒளிக்காமல் பார்க்கவேண்டும். அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2007இல் பிறந்தது; 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று புத்துயிர் பெற்றது. தனியார் ஏகபோகத்துக்கு எதிராக ஏழை வீட்டுக்குக் கிடைத்த கேடயம் அது. அதைக் குறைத்துப் பேச நான் உடன்படமாட்டேன். டிஜிட்டல் உரிமம் தருவதற்கு மத்திய சர்க்கார் 2017 ஏப்ரல் வரை இழுத்தடித்ததும் உண்மை. ஆனால் 2022 நவம்பரில், தொழில்நுட்பம் வழங்கிய தனியார் ஒப்பந்த நிறுவனத்தோடு பிணக்கு ஏற்பட்டபோது இலட்சக்கணக்கான வீடுகளிலே திரை இருண்டதே! அரசின் பெயரால் நடக்கும் சேவையின் சாவி தனியார் சட்டைப்பையில் இருந்தது என்பதல்லவா அதற்குப் பொருள்? நம்மவர் ஆட்சியா, மாற்றார் ஆட்சியா என்று பார்த்துக் கேட்கும் கேள்வியல்ல இது.

சரி, ஏமாந்தவன் எங்கே முறையிடுவது? இதிலே ஒரு விந்தை நடந்தது. 1885ஆம் ஆண்டு, வெள்ளைக்காரன் தந்திக் கம்பிக்காக ஒரு சட்டம் எழுதினான். அதிலே பின்னாளில் சேர்ந்த ஒரு பிரிவு, தகராறு வந்தால் சர்க்கார் அமைக்கும் நடுவரிடம் போ என்றது. அதைக் காட்டி, தொலைபேசிக் கட்டணத் தகராறுகள் நுகர்வோர் மன்றத்துக்குப் போகக்கூடாது என்று 2009இல் கேரளத்து வழக்கொன்றிலே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிறுவனங்கள் நின்றன. அகமதாபாத்திலே ஒருவருக்கு மாதம் சராசரி 555 ரூபாய் வந்துகொண்டிருந்த கட்டணம், 2013இல் ஒரு மாதம் 24,609 ரூபாயாக வந்தது. அவர் விடவில்லை. மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு படியேறிற்று. 2022 பிப்ரவரி 16ஆம் நாள், வோடபோன் ஐடியா வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில், நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அந்த உரிமையைத் தொடவில்லை. ஒருவன் பிடிவாதம் பிடித்தான். நாட்டுக்கே கதவு திறந்தது!

ஆனால் தோழர்களே, இந்தக் கதவு யாருக்குத் திறந்தது? சந்தா கட்டி, இணைப்புப் பெற்று, அது கெட்டுப்போனவருக்கு. 2024 ஆகஸ்டில் டிராய் வெளியிட்ட புதிய விதிகளைப் பாருங்கள். ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் கட்டணத்தில் கழிவு தரவேண்டும், முன்பணம் கட்டியவருக்குக் கூடுதல் நாள் தரவேண்டும் என்கிறது விதி. நல்ல விதி. கல்வராயன் மலையின் உட்கிராமத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்! முடங்கவேண்டுமானால் முன்பு இயங்கியிருக்கவேண்டும். என்றுமே அலை எட்டாத ஊரில் முடக்கம் ஏது? கழிவு ஏது? குறை சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். அந்தத் தகுதிக்குக்கூட மலைமக்கள் இன்னும் வந்து சேரவில்லை என்கிறது சட்டம்.

நான் மறுக்கிறேன். மலைமக்களும் சந்தா கட்டப்பட்டவர்களே! யார் கட்டினார்கள்? நீங்கள் கட்டினீர்கள். கள்ளக்குறிச்சி அரிசி ஆலைத் தொழிலாளி கட்டினார். சங்கராபுரம் தேநீர்க் கடைக்காரர் கட்டினார். பாறை மீதேறிப் பேசுகிற மலைவாழ் இளைஞனும் கட்டினான். 2002ஆம் ஆண்டு முதல், தொலைபேசி நிறுவனங்களின் கணக்கிட்ட வருவாயில் நூற்றுக்கு ஐந்து, அனைவருக்கும் சேவை எட்டச் செய்யும் நிதி என்ற பெயரில் மத்திய சர்க்காருக்குப் போகிறது. நிறுவனம் அதைத் தன் வீட்டுப் பெட்டியிலிருந்தா தருகிறது? நம்மிடம் வாங்கிய கட்டணத்திலிருந்து தருகிறது. எதற்காக? இலாபம் வராது என்று வியாபாரி எட்டிப் பார்க்காத ஊருக்குக் கம்பியும் கோபுரமும் போகவேண்டும் என்பதற்காக. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் எதுவாயினும் ஆகட்டும். இருபதாண்டுகளுக்கு மேலாக முன்பணம் வசூலித்தாயிற்று. சரக்கு எங்கே என்பதுதான் நம் கேள்வி.

கணக்கில் சரக்கு இருக்கிறது, காகிதத்திலும் இருக்கிறது. 2011 அக்டோபரில் மத்திய மந்திரிசபை, நாட்டின் இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி போட ஒப்புதல் தந்தது. இரண்டே ஆண்டு என்றார்கள்! தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு 1,815 கோடி ரூபாய்த் திட்டம். அதற்காக 2018இல் தனி நிறுவனம். 2020இல் ஒப்பந்தப்புள்ளித் தகராறு, மறுபடியும் முதலிலிருந்து. அலை எட்டாத 24,680 சிற்றூர்களுக்கு 4ஜி கோபுரம் அமைக்க 26,316 கோடி ரூபாய் என்று 2022 ஜூலையில் மந்திரிசபை மீண்டும் முடிவெடுத்தது. புதிதாக வானத்து வியாபாரியும் வருகிறார். ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் உரிமம் பெற்றிருக்கிறது. வரட்டும். வேர்ல்ட்ஸ்பேஸ் கருவியை இன்னமும் அலமாரியில் வைத்திருப்பவர்கள் வாசலிலே நின்று வரவேற்கட்டும்!

மலைக்கு இதெல்லாம் ஆடம்பரம், முதலில் சாலை வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். சாலை வேண்டும்தான். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலே நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து மலைமக்களின் நிலையை வழக்காக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியிருக்க, அலைவரிசையை ஆடம்பரமாக்கியது யார், அவசியமாக்கியது யார்? 2020 முதல் நியாயவிலைக் கடையில் கைரேகைக் கருவி வைத்தது சர்க்கார். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை நாளுக்கு இருமுறை படம் பிடித்துக் கைப்பேசியில் ஏற்றவேண்டும் என்று 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது சர்க்கார். சாதிச் சான்றிதழுக்கு இணையத்தில் மனுச் செய்யச் சொல்வது சர்க்கார். நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் 108ஐ அழை என்று சுவரெல்லாம் எழுதியதும் சர்க்கார்தான். அழைப்பது எதைக் கொண்டு? வலியெடுத்த பெண்ணை விட்டுவிட்டு, டார்ச் விளக்கோடு ஒருவன் அந்தப் பாறைக்கு ஓடவேண்டும். மழையிலே அலை கிடைக்காவிட்டால் மீண்டும் ஓடவேண்டும். இதன் பெயர் ஆடம்பரமா?

இனி நம் வேலையைப் பேசுவோம். ஒவ்வொரு கிளையிலும் ஒரு குறிப்பேடு போடுங்கள். எந்தத் தெரு, எந்த நாள் இணைப்பு அறுந்தது, புகார் எண் என்ன, எந்த நாள் சரியாயிற்று என்று எழுதுங்கள். புகார் எண் வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். எண் இல்லாத புகார் பிறக்காத பிள்ளை! தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதையும், தாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்?

மலைக் கிளைத் தோழர்களுக்கு வேலை வேறு. ஊராட்சி அலுவலகத்துக்குள் போய், கம்பித் திட்டத்தின் பெட்டி வந்திருக்கிறதா, வந்திருந்தால் அதிலே விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அலை எட்டாத சிற்றூர்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பாறை எத்தனை தொலைவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்திலே அந்தப் பட்டியலைத் தீர்மானமாக்குங்கள். தீர்மானத்துக்கு நகல் இரண்டு எடுங்கள். ஒன்று ஆட்சியருக்கு, முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மற்றொன்று உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், "அப்படி ஒரு காகிதம் வரவே இல்லையே" என்பார்கள்.